கிரிமினல் வழக்கில் பெயர் வந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவல் நிலைய வாசலிலும் கோர்ட் வராண்டாவிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டில் நடக்கும் சாதாரணக் கிரிமினல் வழக்குகளுக்கானவை. யு.ஏ.பி.ஏ (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்), போதைப்பொருள் சட்டம் போன்றவற்றில் பெயில் விதிகள் இன்னும் இறுக்கமானவை. குண்டர் சட்டம் தடுப்புக்காவல் என்பதால் அதற்கு வழியே வேறு.

ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணி "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க"ன்னு சொல்றாங்க. போகணுமா?

போனில் கூப்பிடுவது சம்மன் ஆகாது. என்ன புகார், சி.எஸ்.ஆர் எண் (புகாரைப் பெற்றதற்கான ரசீது எண்) அல்லது குற்ற எண் (எஃப்.ஐ.ஆர் எண்) என்ன, உங்களைச் சாட்சியாக அழைக்கிறார்களா, குற்றம் சாட்டப்பட்டவராக அழைக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு, "எழுத்தில் கொடுங்கள், வருகிறேன்" என்று சொல்லுங்கள். அதைச் சண்டைக்குரலில் சொல்ல வேண்டியதில்லை.

சாட்சி என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-ஸின் 179-வது பிரிவு நோட்டீஸ் வரும். பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது; விசாரணை அதிகாரிதான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் அதே சட்டத்தின் 35(3) நோட்டீஸ் வரும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முறைப்படி உங்களிடம் சேர்த்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

35(3) நோட்டீஸ் முறைப்படி கைக்கு வந்துவிட்டால் கட்டாயம் போங்கள். தொடர்ந்து போய் ஒத்துழைத்துக்கொண்டிருந்தால், காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். ஆஜரானதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால், எத்தனை மணிக்கு வந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று எழுதி அன்றைக்கே அந்த நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எல்லாரும் 41ஏ, 161, 313-ன்னு சொல்றாங்க. நீங்க வேற நம்பர் சொல்றீங்களே?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ், சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ வந்துவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தும். கோர்ட்டில் பேச்சுவழக்கு இன்னும் பழைய எண்களில்தான் ஓடுகிறது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: 41ஏ இப்போது 35(3). போலீஸ் எழுதும் 161 வாக்குமூலம் 180 ஆனது, மாஜிஸ்ட்ரேட் முன் கொடுக்கும் 164 வாக்குமூலம் 183 ஆனது. குற்றப்பத்திரிகை தாமதமானால் பெயில் தரும் 167(2) என்பது 187(3). குற்றப்பத்திரிகை நகல் தரும் 207 காப்பி 230 ஆகவும், நீதிபதி உங்களிடம் கேட்கும் 313 கேள்வி 351 ஆகவும், ஆஜராக விலக்குக் கேட்கும் 317 மனு 355 ஆகவும் மாறின. 438 முன்ஜாமீன் இப்போது 482. முன்பு 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் மனு. அது 528-க்குப் போய்விட்டது. வக்கீல் "482 போடலாம்" என்றால் எதைச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

என் மேல எஃப்.ஐ.ஆர் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்துப் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அதிகபட்சம் 72 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளில் ஏற்ற மாட்டார்கள். அப்போது எல்லைக்குட்பட்ட நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) நீதிமன்றத்தில் காப்பி மனு போட்டு வாங்க வேண்டும்.

கைக்கு வந்ததும் பலரும் பிரிவைப் பார்த்துப் பதறுவார்கள். அதற்கு முன் மூன்று நேரங்களைப் பாருங்கள்: சம்பவம் நடந்த நேரம், புகார் நிலையத்துக்கு வந்த நேரம், எஃப்.ஐ.ஆர் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம். காலையில் நடந்த அடிதடிக்கு மூன்று நாள் கழித்துப் புகார் பதிவாகி, தாமதத்துக்கு ஒரு வரி விளக்கமும் இல்லை என்றால், பின்னால் உங்கள் தரப்பு வாதம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பெயிலபிள், நான் பெயிலபிள்னா என்ன வித்தியாசம்?

பெயிலபிள் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. ஸ்டேஷனிலேயே விட வேண்டும், கோர்ட்டுக்கு ஏற வேண்டியதில்லை. ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் ஆகிவிட்டால் வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். நான் பெயிலபிள் என்றால் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். கிடைக்கவே கிடைக்காது என்று பொருள் இல்லை. எஃப்.ஐ.ஆரில் ஐந்து பிரிவு இருந்து ஒன்றே ஒன்று நான் பெயிலபிள் என்றாலும் ஸ்டேஷன் பெயில் கேட்டு நிற்பதில் பயனில்லை.

கைது பண்ணினா போலீஸ் என்னென்ன செஞ்சே ஆகணும்?

கைது மெமோ எழுத வேண்டும். அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் ஒரு மரியாதைப்பட்ட நபரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். நீங்கள் சொல்லும் ஆளுக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம்; ஆனால் அவர் முழு நேரமும் பக்கத்தில் உட்கார உரிமை இல்லை. பெண்ணைச் சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது. அசாதாரணச் சூழல் என்றால் பெண் காவல் அதிகாரி நடுவரிடம் முன் அனுமதி பெற வேண்டும். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், 60 வயதைக் கடந்தவரையோ உடல்நலிவுற்றவரையோ டி.எஸ்.பி அனுமதி இல்லாமல் தொட முடியாது.

கைதுக்கான காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். அந்த நேரத்தில் முடியாமல் போனால் வாயால் சொல்லலாம். ஆனால் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்து கைக்கு வந்துவிட வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "இன்ன பிரிவில் கைது" என்ற ஒரு வரி காரணம் ஆகாது. நீங்கள் செய்ததாகச் சொல்லப்படுவது என்ன என்பது அதில் இருக்க வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழியும். கோளாறு நடப்பது இங்கேதான். ராத்திரி பத்து மணிக்கு வீட்டிலிருந்து அழைத்துப்போய், மறுநாள் மதியம் பேருந்து நிலையத்தில் பிடித்ததாக மெமோ எழுதுவார்கள். வீட்டார் அந்த ராத்திரியே எஸ்.பி அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும் நடுவர் நீதிமன்றத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினால், அதன் நேர முத்திரை பின்னால் பேசும். ஸ்டேஷன் சி.சி.டி.வி பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லியும் அதிலேயே எழுதுங்கள். எல்லா நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு.

ஸ்டேஷன்ல கையெழுத்து போடச் சொல்றாங்க. போடலாமா?

எதில் என்பதைப் பொறுத்தது. கைது மெமோ, நோட்டீஸ் பெற்ற ஒப்புகை ஆகியவற்றில் போடலாம். கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையால் தேதியும் நேரமும் எழுதுங்கள். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் யாரும் கையெழுத்து போட வேண்டியதில்லை. 181-வது பிரிவு அதைத் தெளிவாகவே தடுக்கிறது. வெற்றுத்தாளில் எந்தக் காரணம் சொன்னாலும் போடாதீர்கள்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. ஒரு விலக்கு உண்டு: நீங்கள் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். "கத்தியைப் புதரில் போட்டேன், வந்தால் காட்டுகிறேன்" என்ற வகை வாக்கியம் பல வழக்குகளில் தென்படுவது இதனால்தான். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வற்புறுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 20(3). பெயர், முகவரி சொல்ல மறுக்காதீர்கள். அது வேறு சிக்கலில் கொண்டுபோய் விடும்.

மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தும்போது நாம பேசலாமா? வக்கீல்தான் பேசணுமா?

பேசலாம், பேசவும் வேண்டும். ராத்திரி என்றால் நடுவரின் வீட்டு வாசலிலேயே ரிமாண்ட் (காவலில் வைக்க உத்தரவிடுவது) முடிந்துவிடும்; மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. "போலீஸ் அடிச்சாங்களா?" என்று அவர் கேட்பார். பலர் கூட நிற்கும் காவலரைப் பார்த்துவிட்டு "இல்லைங்கய்யா" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு ஜெயில் டாக்டர் காயத்தைக் குறித்தாலும், ரிமாண்டில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி கடைசிவரை துரத்தும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருந்தால், அப்படிச் சொல்லிக்கொடுத்ததையும் நடுவரிடம் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியவை: எப்போது, எங்கே பிடித்தார்கள்; காரணம் எழுத்தில் வந்ததா; காயம் எங்கே; தினமும் சாப்பிடும் மாத்திரை என்ன; வக்கீல் இருக்கிறாரா. வயது 18-க்குக் கீழ் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள். அப்போது வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். லாக்கப்போ ஜெயிலோ கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்ல. அரசு வக்கீல் வச்சா ஒழுங்கா வாதாடுவாங்களா?

"அரசு வக்கீல்" என்பவர் உங்களுக்கு எதிராக வழக்கு நடத்துபவர். உங்களுக்குக் கிடைப்பவர் சட்ட உதவி வக்கீல். காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசம். கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அல்லது வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ரிமாண்ட் நேரத்திலேயே நடுவரிடமும் கேட்கலாம்.

ஒழுங்காக நடத்துவது ஆளைப் பொறுத்தது. காசு கொடுத்து வைக்கும் வக்கீலுக்கும் இதே பதில்தான். சரியாக வரவில்லை என்றால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக்கொடுத்து மாற்றிக் கேட்கலாம்.

பெயில் கிடைச்சாச்சு, ஆனா ஆள் இன்னும் வெளிய வரல. ஏன்?

உத்தரவு வந்ததற்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் ஜாமீன்தாரர் இருக்கிறார். பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது போன்றவற்றின் அசலும் நகலும் வேண்டும். வரி ரசீதில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இது நடந்தால் ஆள் திங்கள் வரை உள்ளேதான். முந்தின நாளே எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

ஜாமீன்தாரர் கிடைக்கவே இல்லை என்றால் கேட்டது அதிகம் என்று நிபந்தனையைத் தளர்த்த மனு போடலாம். பெயில் கிடைத்து ஏழு நாளில் விடுதலை ஆகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

"தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்ற நிபந்தனையை லேசாக எடுக்காதீர்கள். ஒரு நாள் காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றோடு தெரிவித்து வையுங்கள். தொடர்ந்து விட்டால் பெயிலை ரத்து செய்யக் கேட்பார்கள்.

60 நாள், 90 நாள் ஆனா தானாவே விட்டுடுவாங்களாமே?

தானாக விட மாட்டார்கள், கேட்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், பிணை கொடுக்கத் தயார் என்று மனு போட்டவுடன் விடுதலை உரிமையாகிவிடும். வழக்கு எவ்வளவு கடுமையானது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பத்தாண்டு என்ற எல்லையில் நிற்கும் பிரிவுகளில் 60-ஆ 90-ஆ என்ற வாதம் வரும். 61-ம் நாளே மனு போட்டு வையுங்கள்.

எண்ணும்போது முதல் ரிமாண்ட் நாளையும் சேர்க்க வேண்டும் என்பது 2023-ல் உறுதியானது. கைது நாளிலிருந்து எண்ணுவது தவறு. கொரோனா ஊரடங்குக்காக நீட்டித்த காலக்கெடுகூடப் போலீஸுக்கு உதவாது என்று 2020-ல், மதுரை மாவட்ட வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த உரிமை பெரும்பாலும் கைநழுவுவது இப்படித்தான்: நாள் கடந்தும் மனு போடாமல் இருந்து, இடையில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் போயிற்று. மனு முதலில் போய்விட்டால், அன்று மாலையே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை நிற்கும். மனு எண்ணும் தாக்கல் நேரமும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவு வந்த பிறகும் சொன்ன கெடுவுக்குள் பிணை கொடுக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன காகிதங்களை 55-ம் நாளிலேயே தயாராக வைத்திருங்கள்.

சம்மன் வந்திருக்கு. முதல் வாய்தாவுல என்ன நடக்கும்?

குற்றப்பத்திரிகையும் அதோடு சேர்ந்த ஆவணங்களும் இலவசமாகத் தருவார்கள். நீங்கள் ஆஜரான 14 நாளுக்குள் தர வேண்டும் என்பது 230-வது பிரிவு. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேட்பார்கள். அதற்கு முன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாட்சியின் 180 வாக்குமூலமும் இருக்கிறதா, மகஜர் (இடத்தையோ கைப்பற்றிய பொருளையோ பற்றிச் சாட்சிகள் முன் எழுதிய பதிவு), காயச் சான்று, ஆய்வக அறிக்கை எல்லாம் இருக்கிறதா, நகல் படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். சி.சி.டி.வி காட்சியை நம்பியிருந்தால் அதன் பதிவையும் கேளுங்கள்.

காப்பி வாங்கிய நாள் இன்னொரு கணக்குக்கும் தொடக்கம். ஆவணங்களைப் படித்தாலே உங்கள் மேல் வழக்கு நிற்காது என்று தெரிந்தால், நடுவர் நீதிமன்ற வாரண்ட் வழக்குகளில் (இரண்டாண்டுக்கு மேல் தண்டனை உள்ளவை) 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போடலாம். சிறு தண்டனைக்குரிய சம்மன் வழக்குகளில், குற்றச்சாட்டு அடிப்படையற்றது என்று நடுவர் கருதினால் காரணத்தை எழுதிவைத்து விடுவிக்க வேண்டும் என்கிறது 274-வது பிரிவு.

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம், அலைச்சல் மிச்சம்"னு சொல்றாங்க. செய்யலாமா?

யோசித்துச் செய்யுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 ரூபாய் அபராதம் கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். அரசு வேலைக்குப் போக நினைப்பவருக்கு அந்த அலைச்சல் மிச்சம் அப்போதைக்கு மட்டும். செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்திருந்தால், முதல் குற்றம் என்பதைச் சொல்லி 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் எச்சரித்து விடவோ நன்னடத்தைப் பிணையில் விடவோ கேட்கலாம். வேலை தொடர்பான தகுதியிழப்பிலிருந்து அந்தச் சட்டம் ஓரளவு பாதுகாக்கிறது.

ஒரு வாய்தாவுக்குப் போக முடியல, பிடிவாரண்ட் போட்டுட்டாங்க. இப்ப என்ன?

போலீஸ் வரும் வரை காத்திருக்காதீர்கள். வக்கீலோடு அதே கோர்ட்டில் நேரில் ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெற மனு போடுங்கள். காரணத்துக்கு ஆவணம் வையுங்கள். ஓரிரு நாளில் போனால் பெரும்பாலும் முடிந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் தேடப்படும் நபர் என்ற அறிவிப்பு, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் பிறகு ஆள் இல்லாமலே விசாரணை என்று போய்விடும்.

வர முடியாது என்று முன்பே தெரிந்தால் 355 மனு போதும். வாய்தாத் தேதியை வக்கீல் குமாஸ்தா சொன்னதை மட்டும் நம்பாமல், 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் நீங்களே பாருங்கள்.

சாட்சி எல்லாம் முடிஞ்சு ஜட்ஜ் என்கிட்டயே கேள்வி கேட்பாராமே?

அதுதான் 313, இப்போது 351. உங்களுக்கு எதிராக வந்த சாட்சியத்தைச் சொல்லி விளக்கம் கேட்பார். சத்தியப்பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாததற்கோ தவறான பதிலுக்கோ தண்டனையும் இல்லை. ஆனால் சொல்லும் பதிலை வழக்கில் கணக்கில் எடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் "பொய்" என்று சொல்லிவிட்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. நல்ல வாய்ப்பை வீணாக்குவதாகவே அதைப் பார்க்கிறோம். அன்று நீங்கள் வேறு ஊரில் இருந்தால் அதைச் சொல்ல இதுதான் இடம். எழுத்துமூலமாகவும் விளக்கம் கொடுக்கலாம்.

புகார் கொடுத்தவரோட சமாதானமாப் போயிட்டோம். கேஸ் முடிஞ்ச மாதிரிதானே?

இல்லை. புகாரை "வாபஸ்" வாங்கினால் எஃப்.ஐ.ஆர் மறையாது. 359-வது பிரிவின் பட்டியலில் உள்ள குற்றம் என்றால் அந்தக் கோர்ட்டிலேயே சமரசம் பதிவு செய்யலாம். சிலவற்றுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாத குற்றம் என்றால் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, 528 மனு. குடும்பத் தகராறு, பணத் தகராறு போன்றவற்றில் ரத்து செய்வார்கள். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் சமரசத்தைக் காரணமாக ஏற்க மாட்டார்கள். ரத்து உத்தரவு வரும் வரை வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன பிடிவாரண்ட்தான்.

கேஸ் நடக்கும்போது பாஸ்போர்ட், வேலை?

பாஸ்போர்ட் சட்டம் தடுப்பது குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால். அப்போதும் வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி உத்தரவு வாங்கி விண்ணப்பிக்கலாம். வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். சிறு வழக்கை மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு. மறைத்ததையே காரணமாக்கி வேலையை எடுக்கவும் முடியும்.

தண்டனை கொடுத்துட்டாங்க. உடனே ஜெயிலா?

மூன்றாண்டு வரையிலான சிறைத் தண்டனை, நீங்களும் பெயிலில் இருந்தவர் என்றால், மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொல்லி அதே கோர்ட்டில் அன்றே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். அதனால் தீர்ப்பு நாளன்று ஜாமீன்தாரர்களும் காகிதங்களும் வளாகத்திலேயே இருக்கட்டும். மாலை கோர்ட் எழுந்துவிட்டால் இரவு உள்ளேதான். அதற்கு மேல் தண்டனை என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகத் தர வேண்டும். நடுவர் தீர்ப்புக்கு எதிராக அமர்வு நீதிமன்றம் போக 30 நாள்; அமர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 60 நாள். தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்பு மனு போடலாம். சிறையில் இருப்பவர் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம். சட்ட உதவி வக்கீல் மேல்முறையீட்டுக்கும் உண்டு.